சாமை ராஜனின் அவசரக் கல்யாணம்

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. மறந்துபோன பாட்டு நாடகங்கள். யாரும் அச்சடிக்காத, யாரும் படம் பிடிக்காத ஒரு இசை நாடகம் எந்த ஊரிலாவது ஒரு காலத்தில் நடந்தது என்று காதில் விழுந்தால் போதும், தைத்துக்கொண்டிருக்கும் பிளவுஸை மிஷினிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துவிடுவேன். ஆலங்காயத்தில் என் தையல் கடைக்கு வருகிறவர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. ஷட்டர் இறங்கியிருந்தால், "அக்கா நாடகம் புடிக்கப் போயிருக்கும்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு மறுநாள் வருவார்கள்.

என் வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் பழகவில்லை. "அவளவளுங்க நகை சேக்கறாளுங்க, பொடவை சேக்கறாளுங்க. நீ இன்னாடான்னா செத்துப்போன பாட்ட சேக்கற" என்பார். செத்துப்போச்சு என்று உங்களுக்கு யார் சொன்னது என்று நான் பாய்வேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நழுவிவிடுவார்.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? படவேட்டுப் பக்கம் ஒரு நாடகம் இருந்தது. அதில் கரும்பு ஆலையில் நசுங்கிக்கொண்டே பாடும். ஒரு பாட்டு இரண்டு பாட்டு இல்லை, சாறு முழுக்க இறங்கும் வரைக்கும் பாடும். ரயில் வந்த கதையை யாரோ ஒரு புண்ணியவான் இசை நாடகமாகக் கட்டியிருக்கிறார். அதில் இன்ஜினுக்குத் தனி விருத்தம். இன்ஜின் வேஷக்காரர் பீடிப் புகையை வாய்க்குள் அடக்கிவைத்து, கடைசி அடியில் விடவேண்டும். அங்கேதான் கைதட்டல் கூரையைப் பிய்க்குமாம். இதையெல்லாம் யோசித்த மனுஷர்களின் கிறுக்குத்தனத்தை நினைத்தால் எனக்கு இருக்கிற இடத்தில் கால் நிற்காது. எனக்கு ஆர்மோனியம் வாசிக்க வரும், சின்ன வயதில் பஜனைக்கு வாசித்த பழக்கம். அதனால் யாராவது ஒரு அடி பாடிக்காட்டினால் அங்கேயே மெட்டைப் பிடித்து, போனில் பதிவு செய்துகொண்டு வந்துவிடுவேன்.

சாமை ராஜன் நாடகத்தைப் பற்றி எனக்குச் சொன்னது என் கடைக்கு வருகிற ஒரு பெண். ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன ஊரில் வாக்கப்பட்டவள். திருப்பத்தூர் பக்கம் அம்மா வீடு. புருஷன் மலைக்கும் ஆலங்காயத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவன். அவள் வாய் இருக்கிறதே, வாய்! அளவெடுத்து முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுவாள். அன்றைக்கு, மாசமாக இருந்ததால், பழைய பிளவுஸ்களின் தையலைப் பிரித்து இளக்கிவிடச் சொல்லி எடுத்துவந்திருந்தாள்.

"எங்க ஊர்ல ஒரு நாடகம் கீதுக்கா. சாமைக்கும் நெல்லுக்கும் கல்யாணம்" என்றாள்.

கத்தரிக்கோல் கை நழுவிக் காலில் விழாத குறை. "சாமைக்கும் நெல்லுக்குமா? தானியத்துக்கா கல்யாணம்?"

"ஆமாக்கா. சாமைதான் ராஜா, மலைமேல கீறான். கீழ்நாட்டு நெல்லு ராணியப் பாத்து மயங்கிடறான். அவ அப்பன் ஏரி ராஜா பொண்ணு தரமாட்டேன்றான். அஞ்சு நாளு நடக்குமாம். பேச்சே கம்மி, எல்லாம் பாட்டுதான். ராஜா வேஷம் எங்க வூட்டுதுதான்."

வேஷம் எப்படி ஒரு வீட்டுடையதாகும் என்று கேட்டேன். அந்த ஊரில் வேஷங்கள் வீட்டுக்கு ஒன்றாம். ராஜா ஒரு வீட்டுக்கு, ராணி ஒரு வீட்டுக்கு, ஏரி ராஜா ஒரு வீட்டுக்கு. அந்தந்த வேஷத்துப் பாட்டு அந்தந்த வீட்டில் பொம்பளை, பிள்ளை உட்பட எல்லோருக்கும் மனப்பாடம். களை எடுக்கும்போதும் மாவு அரைக்கும்போதும் தங்கள் வீட்டுப் பாட்டைத்தான் பாடுவார்கள். அடுத்த வீட்டுப் பாட்டைத் தொடமாட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. ஒரு நாடகத்தை ஊரே துண்டு துண்டாகப் பங்குபோட்டு வைத்திருக்கிறது!

"எப்போ நடக்கும்? சொல்லு சீக்கிரம்."

"சாமை நல்லா வெளஞ்ச வருசம் ஒண்டிதான் போடுவாங்க. எனக்குக் கல்யாணமாகி இதுவரைக்கும் போடல. இந்த வருசம் போடறாங்க. எனக்குத்தான் பாக்கக் குடுத்துவைக்கல, அதுக்குள்ள அம்மா வூட்டுக்குப் போய்டுவேன்." அவள் ஒரு பழைய பிளவுஸை எடுத்து மடித்து மடித்துப் பிரித்தாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டதில்லை. பிறகு சொன்னாள். "இது மூணாவதுக்கா. மொத ரெண்டும் தங்கல. ரெண்டு தடவையும் இவரு கேரளாவுல மொளகு பறிக்கப் போயிருந்தாரு. நான் ஆஸ்பத்திரில படுத்துகினு கீறேன், இவரு போன்ல 'அழாத, தைரியமா இரு'ன்னு பேசிகினே கீறாரு. அந்தப் போன வெச்சுகினு நான் இன்னா பண்றது? பக்கத்துல ஆளு வோணும்ல? இந்தத் தடவ கூடவே இருப்பேன்னு சத்தியம் பண்ணிகீறாரு. அதுக்குத்தான் கேரளாவ வுட்டுட்டு ஜீப்பு ஓட்டறாரு."

நான் தையலைப் பிரித்து, துணியில் இருந்த இடம் முழுக்க இளக்கிவிட்டேன். காசு வாங்கவில்லை.

அறுவடை முடிந்த கையோடு அவள் புருஷனே கடைக்கு வந்து நின்றான். அவர்கள் ஊரில் ஆர்மோனியம் வாசிக்கிற ஒரே ஆள் கோயம்புத்தூர் மில்லில் இருக்கிறானாம், லீவு கிடைக்கவில்லையாம். "நீங்க வந்து வாசிப்பீங்களாக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வருவீங்களா என்றா கேட்கிறாய், வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாலும் வந்திருப்பேனே என்றேன். பையன் பயந்துபோய் இரண்டடி பின்னால் போனான்.

"பிரசவம் எப்போ?" என்றேன்.

"இன்னும் ஒரு மாசம் கீதுக்கா. நாடகம் முடிஞ்சதும் மாமியா வூட்டுக்குப் போய் அவகூடவே இருந்துடுவேன். ஜீப்ப ஒருத்தன்கிட்ட வுட்டுட்டுப் போறேன்."

வீட்டுக்காரரிடம் அஞ்சு நாள் மலைமேல் என்றேன். "எனக்கு ஓட்டல் சோறுன்னு நேரா சொல்லேன்" என்றார்.

போய் இறங்கிய அன்றே நாடகத்தின் கட்டுப்பாடுகளை ஊர் நாட்டாமை எனக்குச் சொன்னார். நெடுநெடுவென்று உயரம், சிரிப்பு அறவே கிடையாது. மேடை ஏறுகிற எல்லோருக்கும் மஞ்சள் கயிற்றில் ஒரு சாமைக் கதிரை முடிந்து கையில் காப்புக் கட்டுவார்கள். கடைசி நாள் மங்களம் பாடி, கோயிலில் காப்பை அவிழ்க்கும் வரைக்கும் கட்டினவர்கள் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. ஒரு பாட்டைக்கூட விட்டுவிடக் கூடாது. இருட்டின பிறகு ஆடக் கூடாது.

"நாடகம்னா ராத்திரிதானே?" என்றேன்.

"சாமை இருட்டுலயா வெளையுது?" என்றார். எனக்கு அந்த மனுஷனை அந்த நொடியே பிடித்துப்போனது.

எனக்கும் காப்புக் கட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ராஜா வேஷக்காரன், அதாவது நம் ஜீப்காரன், கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வேண்டிக்கொண்டிருந்தான். என்ன வேண்டினான் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

முதல் நாள் நாடகத்தை நான் எப்படிச் சொல்ல! சாமை தூற்றுகிற களம்தான் மேடை. மைக் கிடையாது. ராஜாவுக்கு முகம் முழுக்கப் பச்சைப் பூச்சு, தலையில் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம். நெல்லு ராணி ஆளு நல்ல திடகாத்திரம். காட்டுக் காவலுக்குப் போகிறவர், அன்றைக்குக் காலையில்தான் மீசையை எடுத்திருந்தார். பாவம், மேலுதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயைத் திறந்தாரோ இல்லையோ, கீழ்நாடே நாற்று நட்ட மாதிரி ஆகிவிட்டது. கோமாளியாக வந்தவர் ஊரில் டீக்கடை வைத்திருக்கிறவர். ஏரி ராஜாவின் தொப்பைதான் ஏரி என்று அதிலிருந்து சட்டியால் மொண்டு மொண்டு டீ போட்டார். நான் சிரித்த சிரிப்பில் சுருதி தப்பியது. எத்தனையோ நாடகத்தைத் தேடி அலைந்தவளுக்கு, முழுசாக, உயிரோடு, வெயிலில் நடக்கிற ஒரு நாடகத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து வாசிக்கக் கிடைத்தது. முதல் நாள் பாட்டெல்லாம் போனில் பதிவாயிற்று. இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கிறதே என்று குஷியில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இரண்டாம் நாள் காலை. அந்த ஊரில் போனுக்குச் சிக்னல் எடுப்பது கோயிலுக்கு மேலே இருக்கிற பாறையில் மட்டும்தான், அதுவும் என் போன் ஒன்றுக்குத்தான் ஒழுங்காக எடுத்தது. நாஷ்டா சாப்பிட்டாரா என்று வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்று பாறைமேல் ஏறினேன். நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே போன் அடித்தது. பிளவுஸ் விஷயமாக என் நம்பரை வைத்திருந்த ஜீப்காரனின் மாமியார்.

"பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சும்மா! திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டோம். மத்தியானம் வரைக்கும் பாக்கலாம், இல்லாட்டி ஆபரேசன்தான்னு டாக்டரம்மா சொல்றாங்க. மாப்பிள்ளைக்கு ஒடனே சொல்லும்மா."

"இருங்க, பாறைக்குக் கூட்டிட்டு வந்து பேசவைக்கறேன்" என்றேன்.

போனில் மாமியாருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. வலியிலும் அந்த வாய் ஓயவில்லை. "பேச வேணாம்னு சொல்லு! போன்ல பேசவே வேணாம். வரச் சொல்லு!"

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முட்டி சிராய்த்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அவன் களத்து ஓரத்தில் உட்கார்ந்து முகத்துக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தான். பாதி முகம் ராஜா, பாதி முகம் ஜீப்காரன். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து ஓடினான், ஜீப்பில் ஏறினான், கிளப்பினான். ஊரே பின்னால் ஓடியது. எல்லைக் கல்லுக்கு முன்னால் ஜீப் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா நிக்கற? காப்ப அறுத்துப் போட்டுட்டுப் போய்யா!" என்று கத்தினேன்.

"முடியாதுக்கா." கண்ணிலிருந்து தண்ணீர் பச்சையாக வழிந்தது. "இந்தக் கொழந்த தங்கணும்னு வேண்டிகினுதான் இதக் கட்டிகினேன். இத அறுத்துட்டு எப்படிக்கா போவேன்? நான் போய் நின்னு, அங்க ஏதாவது ஆய்டுச்சுன்னா?"

எனக்கு வந்ததே கோபம்! நேராக நாட்டாமையிடம் போனேன். "இதெல்லாம் ஒரு கட்டுப்பாடா? அந்தப் பொண்ணு அங்க துடிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆவாதா?"

"நான் இன்னா புடிச்சா வெச்சுகீறேன்?" என்றார் அவர். "போவட்டும், யாரும் தடுக்கல. அவன் மனசுல கட்டிகினத நான் எப்படிம்மா அவுக்கறது? மங்களம் பாடுனாத்தான் அவனுக்கு அவுரும்."

மங்களத்துக்கோ இன்னும் நாலு நாள் பாட்டு இருக்கிறது. அப்போது கோமாளி வேஷக்காரர், அவருக்கு எந்த நேரத்தில் எது பேசுவது என்றே தெரியாது, சொன்னார். "அப்போ நாலு நாளையும் ஒட்டுக்கா பாடிடுங்க. அவுங்க அவுங்க வூட்டுப் பாட்டு அவுங்க அவுங்களுக்குத் தெரியும்ல? ஆளுக்கு ஒரு மூலைல நின்னு கத்திட்டு மங்களத்தப் பாடிடலாம்."

ரெண்டு பேர் அவரை அடிக்கவே போனார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "யோவ், நிறுத்துங்க! அவரு சொல்றதுல இன்னா தப்பு?"

எல்லோரும் நாட்டாமையைப் பார்த்தார்கள். அவர் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "பாட்ட வுடக்கூடாது. இருட்டக்கூடாது. எல்லை தாண்டக்கூடாது." மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஒரு பாட்டு முடிஞ்சுதான் அடுத்த பாட்டு பாடணும்னு எங்கப்பன் சொல்லல. சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல." அப்புறம் தோள் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். "இன்னா வேடிக்க பாத்துகினு கீறீங்க? ஆரம்பிங்கடா!"

அதற்குப் பிறகு நடந்ததை இத்தனை வருஷ நாடகப் பைத்தியத்தில் நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. இரண்டாம் நாள் கதை களத்தில். அங்கே ஏரி ராஜா சாமை ராஜனை ஏளனம் செய்து விரட்டுகிறான். மூன்றாம் நாள் கதை கோயில் வாசலில். கீழ்நாட்டில் பஞ்சம், ஏரி வற்றுகிறது, சாமை ராஜன் மழையைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறான். நாலாம் நாள் கதை புளிய மரத்தடியில். அங்கே கல்யாணம். மூன்றும் ஒரே நேரத்தில்! அஞ்சாம் நாள் மட்டும் எல்லோரும் களத்துக்கு வந்து சேர்ந்து பாடுவது என்று முடிவாயிற்று.

ராஜா ஒருவன், இடம் மூன்று. களத்தில் அவனே நின்றான். புளிய மரத்தடிக்கு அவன் சித்தப்பா போனார். கோயில் வாசலுக்கு ராஜா வீட்டில் வேறு ஆம்பளையே இல்லை. அவன் தங்கச்சி பாறைமேல் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஏ, நீ பாடு!" என்று கீழிருந்து எல்லோரும் கத்தினார்கள். பெண்கள் அந்த நாடகத்தில் வேஷம் கட்டினதே கிடையாது. "கிரீடம் இல்லாம எப்படிப் பாடறது?" என்று அவள் மேலிருந்து கத்தினாள். கோமாளி தன் கடையில் பால் காய்ச்சுகிற அலுமினியச் சட்டியோடு ஓடிப்போய் அவள் தலையில் கவிழ்த்தார். கோயிலுக்கு நேர் மேலே, பால் சட்டிக் கிரீடத்தோடு, போனைக் கீழே இறக்காமல் அந்தப் பொண்ணு எடுத்தாளே ஒரு எடுப்பு! கோயில் வாசலில் இருந்தவர்கள் அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் போன் பாறைமேல் இருந்ததால் ஒரு பாட்டைக்கூடப் பதிவு செய்ய முடியவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் போனின் மறுமுனையில் அவள் இருந்தாள். ஆர்மோனியத்தை மூன்று இடத்துக்கும் நடுவில் தூக்கிப் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே சுருதியைக் கொடுத்துக்கொண்டு, கை எட்டின பாட்டுக்கு வாசித்தேன். பார்க்க வந்தவர்கள் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இங்கேயும் அங்கேயும் ஓடினார்கள். "அய்யோ, கல்யாணத்தப் பாக்கப் போனா சண்டைய வுட்டுடுவேனே!" என்று ஒரு அம்மாள் நடுவில் நின்று புலம்பினாள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பஞ்சத்தைப் பார்த்து அழுதுவிட்டு, திரும்பிக் கல்யாணத்தில் அட்சதை போட்டுவிட்டு, மறுபடி வந்து பஞ்சத்துக்கே அழுதார்.

அப்போதுதான் அது நடந்தது. களத்தில் ஏரி ராஜா ஏளனம் செய்ய, நம் ராஜா பதில் பாட்டை எடுத்தான்.

"மழையைக் குடிச்சு வளந்தவன்டா – ஒங்க
மடையைக் கேட்டு வரலைடா!"

அதே நேரத்தில் புளிய மரத்தடியில், தங்கச்சியைப் பார்த்துத் துணிந்துவிட்ட நெல்லு ராணி வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையை அழைக்கிற பாட்டை எடுத்தார்கள்.

"மழையைக் கூட்டி வந்தவனுக்கு – எங்க
மடையைத் தொறந்து வையுங்கடி!"

ஒரே மெட்டு! ஒரே தாளம்! ஒன்று கேட்க, இன்னொன்று பதில் சொல்கிறது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்துவிட்டது. இந்த இரண்டு பாட்டும் எத்தனை தலைமுறையாக இரண்டு நாள் தள்ளித் தள்ளி இருந்திருக்கின்றன! அந்த ஊரில் ஒருத்தரும் இரண்டையும் சேர்த்துக் கேட்டதில்லை. நாடகத்தைக் கட்டினவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்குத் தெரிந்த மெட்டே அவ்வளவுதானா, யார் கண்டது? களத்தில் இருந்தவர்களும் மரத்தடியில் இருந்தவர்களும் பாடிக்கொண்டே ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டாமை தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அடேங்கப்பா! அடேங்கப்பா!" என்று நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டே வாசித்தேன்.

ஆனால் ராஜா எங்கேயும் திரும்பவில்லை. அவன் கண் பாறைமேலேயே இருந்தது. தங்கச்சி ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கையால் ஜாடை காட்டுவாள். இன்னும் இல்லை, இன்னும் இல்லை. மூன்று பக்கமும் எழும்புகிற சத்தத்துக்கு மேலே தன் பாட்டு சாமிக்குக் கேட்க வேண்டும் என்று அவன் அடிவயிற்றிலிருந்து கத்திப் பாடினான். தண்ணீர் கொடுத்தால் தட்டிவிட்டான். ஒரு அடியைக்கூட விழுங்கவில்லை. வேகமாகப் பாடு என்று நான் ஜாடை காட்டினேன், பாடினான். ஆனால் எதையும் தாண்டிக் குதிக்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறும்போது எல்லோரும் களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அஞ்சாம் நாள் கதையில் நெல்லு ராணிக்கு மலைமேல் வாழ முடியவில்லை, வாடிப்போகிறாள். ராஜன் கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு அவளோடு கீழே இறங்குகிறான். "நீ இருக்கற பக்கம்தான் என் நாடு" என்று ஒரு பாட்டு. அதைப் பாடும்போது அவன் தொண்டை கிழிந்துவிட்டது. பாதி அடி காற்றாகத்தான் வந்தது. அவன் வீட்டு ஆட்கள் கூடச் சேர்ந்து பாடித் தூக்கிவிட்டார்கள். நெல்லு ராணி வேஷம் போட்ட காட்டுக் காவல்காரர் தேம்பித் தேம்பி அழுதார். மங்களத்தை ஊரே பாடியது. நாட்டாமை கோயிலில் அவன் கைக் காப்பைத்தான் முதலில் அவிழ்த்தார். "ஓடுடா!" என்றார்.

என் காப்பையும் அவிழ்த்ததும் போனை வாங்கிக்கொண்டு நானும் ஜீப்பில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியோடு பேச ஆள் வேண்டும் அல்லவா? ஆர்மோனியம் களத்திலேயே கிடந்தது. மலைப்பாதை வளைவுகளில் அவன் ஜீப்பை ஓட்டின லாகவத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். காவலூர் தாண்டினதும் அவன் என்னிடம் ஏதோ கேட்டான். கேட்கவில்லை. மறுபடி கேட்டான். வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. இரண்டு நாள் பாட்டை அரை நாளில் கத்திப் பாடின தொண்டை. குரல் சுத்தமாகப் போய்விட்டது. என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியாதா? போன் போட்டேன். "ஆபரேசன்தானாம். தயார் பண்றாங்க" என்றார் மாமியார். சத்தமாகச் சொன்னேன். அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

பெரியாஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவர், பச்சை மூஞ்சியும் ஜிகினாச் சட்டையுமாக ஓடிவந்தவனை மறித்தார். "யாருய்யா நீ? இன்னா வேஷம் இது?" இவன் வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. "கொழந்தையோட அப்பன்யா! வழிய வுடு!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள்கூட ஒதுங்கி வழி விட்டார்கள்.

ஆபரேஷன் அறைக்கு முன்னால் அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்தான். உதடு துடித்தது, ஒரு எழுத்தும் வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான். அவளால் அதற்குமேல் தலையைத் தூக்க முடியவில்லை. நர்ஸ் கையைப் பிரித்துவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடியது. அவன் அந்தக் கதவை விட்டு ஒரு அடி நகரவில்லை. எனக்குத் தெரிந்த சாமி அத்தனையையும் கூப்பிட்டேன். நான் பொதுவாகக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

குழந்தை அழுத சத்தம் கேட்டது. நல்ல குரல், களத்தில் மைக் இல்லாமல் பாடுகிற குரல். பெண் குழந்தை. வெளியே எடுத்துவந்த நர்ஸ் அவனைப் பார்த்துவிட்டு, "மொதல்ல மூஞ்சி கழுவிட்டு வாங்க, கொழந்த பயந்துடும்" என்றார். மாமியார் சிரித்துக்கொண்டே அழுதார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவன் முகம் கழுவப் போகவில்லை, சட்டையைக் கழற்றி அதிலேயே துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

சாயங்காலம் அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். காதோரம் இன்னும் பச்சை ஒட்டியிருந்தது. அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்ததும், அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். வெறும் காற்று. இன்னொரு தடவை முயன்றான். பிறகு, பாவம், என்னைப் பார்த்தான், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. நான் சொல்ல எழுந்தேன்.

"உக்காருக்கா" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "போன ரெண்டு தடவையும் பேச்சு ஒண்டி வந்துது, ஆளு வரல. இப்ப ஆளு வந்துகீது. பேச்சு மெதுவா வரட்டும்."